வளவில் சுருளும் பூச்சிகள்

2006 இல் நீங்கள் விட்டு வெளியேறிய சம்பூர் வளவுகளில் பல வருடச் சருகும் உக்கிய பொச்சுமட்டையும் சேர்ந்திருக்கும். அவற்றைப் புரட்டினால், தொட்டவுடன் உருண்டையாகச் சுருளும் சாம்பல் நிறப் பூச்சிகளைக் காண்பீர்கள். பயப்பட வேண்டாம். அவை கடிப்பதில்லை, நோய் பரப்புவதுமில்லை. உண்மையில் அவை நண்டு, இறாலின் உறவு, ஈரமில்லாவிட்டால் செத்துவிடும். ஆகவே மருந்து அடித்துக் கிணற்றைக் கெடுக்காதீர்கள். மாரிக்கு முன் சுவரோரக் குப்பையை இழுத்து வெயில் படவிட்டாலே போதும். மிளகாய், கத்தரி நாற்றடியில் மட்டும் ஈரச் சருகு கிடக்கவிடாதீர்கள். இளம் தண்டைக் கடிக்கும்.

அதே குவியலுக்குள் தேளும் புடையனும் இருக்கலாம். கையை விடாமல் நீண்ட பிடியுள்ள மண்வெட்டியால் இழுங்கள். தீ வைக்க வேண்டாம், உள்ளே வெடிபொருள் கிடக்கலாம். சந்தேகமான இரும்போ கம்பியோ தெரிந்தால் தொடாமல் வந்த வழியே திரும்பி, 119 இல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.