பயாப்சி ரிசல்ட் ஏன் லேட்டாகுது?

இந்த வார எபிசோடில், பயாப்சி பார்க்கும் ஏஐ பற்றி ரெண்டு நிமிஷத்தில் பேசிவிட்டுக் கடந்துபோனோம். அங்கே சொல்லாமல் விட்டது எங்கட வீட்டுக் கதை.

போன வருஷம் ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு அப்பாவின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல மொழிபெயர்ப்பாளர் நான்தான். புரோஸ்டேட்டில் எடுத்த ஒரு துண்டுக்குக் கூடுதல் சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். "அப்ப கான்சர்தானே, ஒளிக்காமச் சொல்லு" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு முழுக்கத் தேடி வாசித்தேன்.

வயது போகப் போக புரோஸ்டேட் பெருப்பது சாதாரணம். அது கான்சர் இல்லை. ஆனால் ரெண்டிலுமே ரத்தத்தில் பிஎஸ்ஏ கூடலாம். அதனால்தான் ஊசியால் நூல் மாதிரித் துண்டுகள் எடுக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிச் சுரப்பிகள். நல்ல சுரப்பியில் ரெண்டு வரிசைச் செல்கள்: உள்ளே ஒன்று, அதைச் சுற்றி வேலி மாதிரி அடிச்செல்கள். கான்சரில் அந்த வேலி இருக்காது. சிக்கல் என்னெண்டால், சுருங்கிப்போன நல்ல சுரப்பியிலும் வேலி சிலநேரம் கண்ணுக்குத் தெரியாது.

அதுக்குத்தான் சாயம். பி63 என்ற புரதத்தைத் தேடும் சாயம் வேலியைக் காட்டிக்கொடுக்கும். ஏஎம்ஏசிஆர் சாயம் பெரும்பாலும் கான்சர் செல்களில் ஏறும். இது டேட்டாவிலிருந்து பிறந்த சாயம்: மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு, ஜீன் சிப்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டது. 2001இல் வந்த அவர்களின் நேச்சர் கட்டுரையில் முதல் பெயர் சரவண தனசேகரன். (ஓம், நானும் ரெண்டு தரம் பார்த்தேன்.) 2002இல் 94 ஊசி பயாப்சிகளில் சோதித்தபோது, கான்சரில் 97 சதவீதத்தை ஏஎம்ஏசிஆர் பிடித்தது. ஆனால் கான்சர் அல்லாத சில சுரப்பிகளிலும் அது ஏறும். அதனால் ரெண்டு சாயத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஏஐ? 2021இல் அமெரிக்காவின் எஃப்டிஏ 'பெய்ஜ் புரோஸ்டேட்'டை அனுமதித்தது. 16 நிபுணர்கள் 527 ஸ்லைட் படங்களைப் பார்த்த ஆய்வில், அதன் உதவியோடு கான்சரைக் கண்டுபிடிப்பது சராசரியாக 7.3 சதவீதம் கூடியது. அது சந்தேகமான இடத்தைக் காட்டும், முடிவு மனிதருடையது.

காலையில் அப்பாவுக்கு ஒரு வட்டமும் அதைச் சுற்றி இன்னொன்றும் கீறிக் காட்டினேன். "அப்ப வேலியைத் தேடுகினம் எண்டு சொல்லு" என்றார்.

பத்து நாள் கழித்து நர்ஸ் போன் எடுத்தார். வேலி இருந்தது.