பலன் தந்தது பஞ்சகவ்யாவா, தற்செயலா? காசைச் சுண்டிப் பார்ப்போம்

நம் உழவர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "போன போகத்துல பஞ்சகவ்யா அடிச்சேன், ஏக்கருக்கு மூணு மூட்டை கூட வந்துச்சுங்க." உடனே இன்னொருத்தர் எழுந்து, "நானும்தான் அடிச்சேன், எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பார். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் புது விவசாயி யாரை நம்புவார்?

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கோடு குடும்பம் நடத்தியவன் நான். எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். எதையுமே அடிக்காமல் விட்டிருந்தாலும் அந்த மூணு மூட்டை வித்தியாசம் தானாகவே வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? அந்த 'எவ்வளவு' என்பதைத்தான் நிகழ்தகவு என்கிறார்கள். அதை வைத்து முடிவெடுக்கும் முறைக்குக் கருதுகோள் சோதனை என்று பேர். பேர்தான் பெரிசு, விஷயம் பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான்.

டீக்கோப்பையில் ஒரு பாடம்

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1843-ல் அதைத் தொடங்கிய ஜான் பென்னட் லாஸ், சூப்பர் பாஸ்பேட் தயாரித்து விற்றவர். ரசாயன உரத்துக்கு அது தாய்வீடு மாதிரி. அங்கே 1919-ல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர்தான், இன்று உலகம் முழுக்க நடக்கும் வயல் சோதனைகளுக்கு அடிப்படை போட்டவர். அவர் எங்கே வேலை பார்த்தால் நமக்கென்ன? தராசு யார் கடையில் இருந்தாலும் தராசுதான்.

அங்கே பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். ஃபிஷர் 1935-ல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படி ஒரு சோதனையை விளக்குகிறார். மொத்தம் 8 கோப்பை. நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். வரிசையைக் கலைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பால் முதலில் ஊற்றிய நாலையும் அவர் பிரித்துக் காட்ட வேண்டும்.

எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. ஒன்றுமே தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்பவர் நாலையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான், அதாவது ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. அதனால் நாலும் சரி என்றால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. நாலில் மூணு சரி, ஒண்ணு தப்பு என்றால்? அப்படியோ அதைவிட மேலாகவோ வர 70-க்கு 17 வழி, கிட்டத்தட்ட கால் பங்கு. அதை வைத்து யாரையும் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

நம்ம வயலுக்குக் கொண்டுவருவோம்

அக்கம்பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு பாத்திகளை ஒரு ஜோடியாக எடுங்கள். அதேபோல் 8 ஜோடி. மேட்டுப் பாத்திக்கு மேட்டுப் பாத்தி, வாய்க்கால் ஓரத்துக்கு வாய்க்கால் ஓரம். விதை, நடவு நாள், தண்ணீர், களையெடுப்பு எல்லாம் ஒண்ணாக இருக்கட்டும்.

ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பாத்திக்குப் பஞ்சகவ்யா என்பதை நீங்கள் முடிவு பண்ணக் கூடாது, காசு முடிவு பண்ணட்டும். நம்மிடம் விட்டால் செழிப்பான பாத்தி பக்கம்தான் கை தானாகப் போகும். மற்றப் பாத்திக்கு அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். இல்லையென்றால் கூடின மகசூல் தண்ணீரால் வந்ததா, கரைசலால் வந்ததா என்று தெரியாது. அறுவடையில் ஓர வரிசைகளை விட்டுவிட்டு, பாத்தி பாத்தியாக எடை போடுங்கள். எடை போடுபவருக்கு எது எந்தப் பாத்தி என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது கணக்கு. முதலில், 'பஞ்சகவ்யாவால் எந்த வித்தியாசமும் இல்லை' என்று வைத்துக்கொள்கிறோம். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பேர். இது உண்மையானால், ஒரு ஜோடியில் பஞ்சகவ்யா பாத்தி ஜெயிப்பது காசு தலை விழுவது மாதிரி, பாதிக்குப் பாதி. எட்டு ஜோடிக்கு மொத்தம் 256 விதமான முடிவுகள் வரலாம்.

எட்டுக்கு எட்டும் ஜெயிக்க: 256-ல் 1.
ஏழோ எட்டோ ஜெயிக்க: 256-ல் 9, சுமார் மூன்றரை சதவீதம்.
ஆறும் அதற்கு மேலும்: 256-ல் 37, சுமார் பதினான்கரை சதவீதம்.
ஐந்தும் அதற்கு மேலும்: 256-ல் 93, முப்பத்தாறு சதவீதம்.

தற்செயலாக வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உள்ள முடிவு கிடைத்தால், 'வித்தியாசம் இல்லை' என்பதைக் கைவிடலாம் என்பது பொதுவான வழக்கம். அதன்படி ஏழு பாத்தி ஜெயித்தால் நம்பலாம், ஆறு போதாது. ஐந்து ஜெயித்தது என்றால், சும்மா காசைச் சுண்டினாலே மூணு தடவைக்கு ஒரு தடவை அப்படி வரும். கோட்டை எங்கே போடுவது என்பதை அறுவடைக்கு முன்னாலேயே நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். எடை போட்ட பிறகு கோட்டை நகர்த்துவது ஆட்டத்தில் சேராது.

ரெண்டு பக்கமும் தப்பு நடக்கலாம்

கடன் கொடுக்கும் அதிகாரிக்கு ரெண்டு பயம் உண்டு. கட்டாதவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று, ஒழுங்காகக் கட்டுபவரைத் திருப்பி அனுப்பிவிடுவது இன்னொன்று. இங்கேயும் அப்படித்தான். பலனில்லாத கரைசலைப் பலன் உண்டு என்று நம்பலாம், பலனுள்ளதைத் தூக்கியும் போடலாம். ஆறு ஜோடி மட்டும் ஜெயித்தது என்றால் 'பலன் இல்லை' என்று அர்த்தமில்லை. 'இன்னும் நிரூபணமாகவில்லை' என்றுதான் அர்த்தம். அடுத்த போகமும் போட்டுப் பாருங்கள். இயற்கை விவசாயத்துக்கு மாறின முதல் வருஷமே மகசூல் குறைந்தது என்று விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. ஒன்றுக்கும் உதவாத ஒரு பாட்டில் மருந்தை 100 பேர் இதே முறையில் சோதித்தால், தற்செயலாகவே மூணு நாலு பேருக்கு ஏழு பாத்தி ஜெயிக்கும். கடைக்காரர் நம்மிடம் காட்டுவது அந்த மூணு நாலு பேரின் அனுபவத்தைத்தான். மீதித் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் வாயே திறக்க மாட்டார்கள். அதனால் 'யாருக்கு வந்தது' என்று மட்டும் கேட்காதீர்கள், 'எத்தனை பேர் போட்டீங்க' என்றும் கேளுங்கள். பலிக்காத சோதனையையும் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். நமக்குள்ளேயே இந்தப் பழக்கம் வந்தால்தான், 'ஆதாரம் எங்கே' என்று வெளியாள் கேட்கும்போது நோட்டை எடுத்து நீட்டலாம்.

தற்செயல் இல்லை என்று தெரிந்த பிறகும் வரவு செலவு பாருங்கள். பாத்திக்குக் கால் கிலோ கூடியதா, ரெண்டு கிலோ கூடியதா? செலவும் கூலியும் போக மிஞ்சுமா? ஜெயித்த பாத்திகளின் எண்ணிக்கை இதைச் சொல்லாது, எடை நோட்டுதான் சொல்லும்.

பழகிப் பாருங்கள்

ஆறு ஜோடிதான் போட முடிந்தது, ஆறும் ஜெயித்தது. நம்பலாமா? 64-ல் 1, நம்பலாம். ஆறில் ஐந்து ஜெயித்தால்? 64-ல் 7, சுமார் பதினோரு சதவீதம், போதாது. பத்து ஜோடியில் எட்டு என்றால்? 1024-ல் 56, ஐந்தரை சதவீதம், கோட்டுக்கு மயிரிழை வெளியே. பத்தில் ஒன்பது என்றால்? 1024-ல் 11, தாராளமாக நம்பலாம். ஒரே ஒரு பாத்தியில் அடித்துப் பார்த்து ஜெயித்தால்? ரெண்டில் ஒன்று. அதற்கு வயலே வேண்டாம், காசு போதும்.