மாடல் ரயில் பாதை வரைய எந்த சாப்ட்வேர்?

மேஜை மீது குட்டி ரயில் ஓட்டுவது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. ஆனால் தண்டவாளத் துண்டுகளை வாங்கிய பின், பாதையின் இரு முனைகளும் சேரவில்லை என்றால் பணம் வீண். எனவே முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து பார்ப்பது நல்லது. இதற்கென்றே சில சாப்ட்வேர் தொகுப்புகள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் ஸ்கேலை முடிவு செய்யுங்கள். நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியுள்ளனர் என்பதே ஸ்கேல். எச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என் ஸ்கேல் 160-ல் ஒரு பங்கு. இடைவெளி 9 மி.மீ.

எச்.ஓ. வரைபடத்தை அப்படியே சுருக்கினால் என் ஸ்கேலுக்குப் பொருந்துமா? பொருந்தாது. எச்.ஓ.வில் 22 அங்குல (559 மி.மீ.) ஆரமுள்ள வளைவு பரவலாகப் பயன்படுகிறது. சுருக்கினால் 304 மி.மீ. வரும். ஜப்பானின் கேட்டோ நிறுவனம் தரும் என் ஸ்கேல் வளைவுகளில் 282 உண்டு, 315 உண்டு; 304 இல்லை. ஆகவே சாப்ட்வேரில் ஸ்கேலின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் வாங்கப் போகும் நிறுவனத்தின் துண்டுகளும் அதன் லைப்ரரியில் இருக்க வேண்டும்.

எனிரெயில்: விண்டோஸில் இயங்கும். மவுஸால் இழுத்து அருகில் வைத்தால் துண்டுகள் தாமே இணையும். புதியவர்களுக்கு எளிது. இலவசப் பதிப்பில் 50 துண்டுகள் வரை வரையலாம்.

ஸ்கார்ம்: இதுவும் விண்டோஸுக்கானது. வரைந்த பாதையை முப்பரிமாணத்தில் காட்டும். இலவசமாக 100 துண்டுகள் வரை.

எக்ஸ்ட்ராக்கேட்: முழுவதும் இலவசம்; துண்டுகளுக்கு வரம்பு இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஆனால் பழகச் சில நாட்கள் ஆகும்.

பணம் கட்டும் முன் ஒரு சிறிய சோதனை. உங்கள் மேஜையின் அளவைக் கொடுத்து, ஒரு நீள்வட்டப் பாதையும் ஒரு கிளைப் பாதையும் வரையுங்கள். இரு முனைகளும் சேருகின்றனவா எனப் பாருங்கள். பின் ஒரு வளைவை மட்டும் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் குச்சியால் அளந்திடுங்கள். பிரிண்டர் செட்டிங்கில், தாளுக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அளவு தவறிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால், எந்தத் துண்டு எத்தனை தேவை என்ற பட்டியலையும் சாப்ட்வேரே தரும். அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.