காஸ்டர்போரஸ்: அட்ரஸ் மாதிரி தெரியும், ஆனா அட்ரஸ் இல்ல!

'டாக்டர் ஹூ' பாக்குறவங்களுக்கு இந்த விலாசம் மனப்பாடம்: காஸ்டர்போரஸ் நட்சத்திரக் கூட்டம், கேலிஃப்ரே கிரகம்.

பாக்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1963-ல் பிபிசி ஆரம்பிச்ச சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர் இது. ஹீரோவோட பேரே 'டாக்டர்'தான். பாக்க மனுஷன் மாதிரி இருப்பார், ஆனா வேற்று கிரகவாசி. ரெண்டு இதயம் உண்டு. அவரோட இனம் டைம் லார்ட்ஸ். காலத்துல முன்னும் பின்னும் போகக் கத்துக்கிட்ட, ரொம்ப ரொம்பப் பழைய நாகரிகம். அவங்க ஊர்தான் கேலிஃப்ரே. அது இருக்குற காஸ்டர்போரஸ் முழுக்க முழுக்கக் கற்பனை. எந்த ஸ்டார் மேப்லயும் தேடாதீங்க, கிடைக்காது.

கற்பனையா இருக்குறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா "நான் இந்த நட்சத்திரக் கூட்டத்துலேர்ந்து வர்றேன்"னு ஒருத்தர் சொன்னா, அது நிஜமாவே ஒரு இடத்தைக் குறிக்குமா? இதுக்குப் பதில் தேடிப் போனா வானத்தைப் பத்தி நிறைய விஷயம் புரியும்.

முதல்ல நமக்குத் தெரிஞ்ச ஓரியனை எடுத்துக்கோங்க. டிசம்பர், ஜனவரி ராத்திரியில மொட்டை மாடிக்குப் போனா, வரிசையா மூணு நட்சத்திரம், அதைச் சுத்தி நாலு நட்சத்திரம் தெரியுமே, அதுதான். அதுல சிவப்பா இருக்குறது பெட்டல்ஜூஸ். நம்ம பஞ்சாங்கத்துல அதுக்குப் பேர் திருவாதிரை. அதோட தூரம் 500-லேர்ந்து 700 ஒளியாண்டுக்குள்ள இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. எதிர் மூலையில வெள்ளையா மின்னுற ரைஜெல் சுமார் 860 ஒளியாண்டு. இன்னொரு மூலையில இருக்குற பெல்லாட்ரிக்ஸ் வெறும் 250 ஒளியாண்டுதான். பாக்குறதுக்கு மூணும் ஒரே சுவர்ல அடிச்ச ஆணி மாதிரி இருக்கு. உண்மையில ஒண்ணுக்கு ஒண்ணு நூத்துக்கணக்கான ஒளியாண்டு முன்னும் பின்னுமா நிக்குது.

'கூட்டம்'னு பேர் வெச்சதாலயே எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு நமக்கு ஒரு எண்ணம் வந்துடுது. ரோட்டுல நின்னு பாக்கும்போது தெருவிளக்கும், தூரத்து செல்போன் டவரும், நிலாவும் ஒரே கோட்டுல தெரியலாம். அதனால அது மூணும் ஒரே ஏரியான்னு சொல்வோமா?

நிஜமாவே சேர்ந்து இருக்குற நட்சத்திரங்களும் உண்டு. கார்த்திகைன்னு நாம சொல்ற கொத்து அப்படித்தான்: ஒண்ணாப் பிறந்து, சுமார் 440 ஒளியாண்டு தூரத்துல ஒண்ணாவே இருக்கு. சப்தரிஷியில ஏழுல அஞ்சு நட்சத்திரம் சுமார் 80 ஒளியாண்டு தூரத்துல ஒரே திசையில நகர்ற ஒரு குடும்பம். ஆனா மீதி ரெண்டும் வேற குடும்பம்; நம்ம பார்வைக்கு மட்டும் வரிசையில வந்து சேர்ந்துக்கிச்சு.

அப்போ இன்னைக்கு வானியல்ல நட்சத்திரக் கூட்டம்னா என்ன? உருவம் கூட இல்ல. வானத்துல ஒரு ஏரியா. சர்வதேச வானியல் ஒன்றியம் வானத்தை 88 பகுதியாப் பிரிச்சிருக்கு. 1928-ல் இந்த எல்லைகளை ஏத்துக்கிட்டாங்க. இந்த எல்லை தூரத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது, திசையை மட்டும்தான் சொல்லும். ஆண்ட்ரோமெடா பகுதியில இருக்குற ஆல்ஃபெரட்ஸ் நட்சத்திரம் 97 ஒளியாண்டு. அதே பகுதியில தெரியிற ஆண்ட்ரோமெடா கேலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு. ரெண்டுக்கும் பேர் ஒண்ணு, ஏரியா ஒண்ணு, தூரம் மட்டும் இவ்ளோ வித்தியாசம்.

1996-ல் வந்த டாக்டர் ஹூ டிவி படத்துல கேலிஃப்ரே 25 கோடி ஒளியாண்டு தூரம்னு வரும். அது ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை விட நூறு மடங்கு. அந்தத் தூரத்துல இருக்குற ஒரு சாதாரண நட்சத்திரம் நம்ம கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. அதனால காஸ்டர்போரஸ் பூமியிலேர்ந்து பாத்துப் போட்ட கோலமா இருக்க முடியாது. அப்போ யாரோ எங்கேயோ நின்னு பாத்து வெச்ச பேர் அது. யாரு, எங்கேர்ந்து? இந்த ரெண்டும் தெரியாம அந்தப் பேரை வெச்சு ஒரு அடி கூட நகர முடியாது.

நிக்கிற இடம் மாறினா வானம் மாறும்னு வெறும் பேச்சுக்குச் சொல்லல. 2020 ஏப்ரல்ல நியூ ஹொரைஸன்ஸ் விண்கலம் பூமியிலேர்ந்து சுமார் 700 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தப்போ, பிராக்ஸிமா சென்டாரி, வுல்ஃப் 359-னு ரெண்டு பக்கத்து நட்சத்திரங்களைப் படம் எடுத்துச்சு. அதே சமயத்துல பூமியிலேர்ந்தும் எடுத்தாங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா நட்சத்திரம் இடம் மாறியிருக்குறது சும்மாவே தெரியுது. அதுவும் இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகல. நம்ம வீட்டு வாசலைத் தாண்டினதுக்கே இவ்ளோ மாற்றம்.

இதே தொடர்ல 1975-ல் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில, வில்லன் சுடெக் கேட்டதும் டாக்டர் கேலிஃப்ரேவோட கோஆர்டினேட்டைச் சொல்வார்: கேலக்ஸியோட பூஜ்ய மையத்துலேர்ந்து 10-0-11-00:02. சுடெக் கேக்குறது 'பைனரி' இருப்பிடம்; பதிலோட கடைசியில ஒரு 2 வருது. அதை விடுங்க, எழுதினவர் நம்ம டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் கிளாஸ்ல உக்காந்திருக்க மாட்டார். ஆனா ஒரு விஷயம் சரியாப் பண்ணியிருக்கார்: ஆரிஜின் எதுன்னு சொல்லிட்டார். முதல் செமஸ்டர்லயே நமக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ஆரிஜின், ஆக்ஸிஸ், யூனிட் மூணும் இல்லாத கோஆர்டினேட் வெறும் நம்பர். டாக்டர் இதுல ஒண்ணு கொடுத்தார், மத்த ரெண்டு பாக்கி.

சரி, அப்போ சரியான அட்ரஸ் எப்படி இருக்கும்? அதை நாமளே ஒரு தடவை எழுதி அனுப்பியிருக்கோம். 1972-ல் கிளம்பின பயோனியர் 10-ல் ஒரு உலோகத் தகடு இருக்கு. அதுல ஒரு மேப். வடிவமைச்சவர் ஃபிராங்க் டிரேக். நடுவுல சூரியன், அதுலேர்ந்து 14 பல்சர்களுக்குக் கோடு, கேலக்ஸி மையத்துக்கு இன்னொரு கோடு. பல்சர்னா கடிகாரம் மாதிரி சீரா ரேடியோ துடிப்பு அனுப்புற நட்சத்திரம். ஒவ்வொண்ணும் எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவை துடிக்குதுன்னு நிஜமான பைனரியில எழுதியிருக்கு. யூனிட் செகண்ட் இல்ல, ஏன்னா செகண்ட் பூமிக்காரங்க கணக்கு. ஹைட்ரஜன் அணுவோட இயல்பான ஒரு அதிர்வு நேரம்தான் யூனிட். அது எந்த கிரகத்துக்குப் போனாலும் மாறாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்த மேப்ல தேதியும் இருக்கு. பல்சரோட துடிப்பு காலப்போக்குல மெதுவாகும். தகட்டுல இருக்குற வேகத்தையும், தான் அளக்குற வேகத்தையும் ஒருத்தர் ஒப்பிட்டா, இது எப்போ அனுப்பினதுன்னும் கண்டுபிடிக்கலாம். தேதி ஏன் முக்கியம்? ஏன்னா நட்சத்திரங்கள் எல்லாமே நகருது. ஒரு லட்சம் வருஷம் கழிச்சு சப்தரிஷி இதே வடிவத்துல இருக்காது. காலத்துலயே பயணம் பண்ற டைம் லார்ட்ஸ், தேதி இல்லாத விலாசத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்த தடவை ஏதாவது படத்துல ஒரு வேற்று கிரகவாசி "நான் அந்த நட்சத்திரக் கூட்டத்துலேர்ந்து வர்றேன்"னு சொன்னா, மூணு கேள்வி கேளுங்க: எங்கேர்ந்து பாத்தா? எவ்ளோ தூரம்? எப்போ?

அப்படியே நம்ம சூரியன் எந்தக் கூட்டத்துல இருக்குன்னும் கேட்டுக்கோங்க. இங்கேர்ந்து பாத்தா நிலையா ஒரு கூட்டத்துலயும் இல்ல, வருஷம் முழுக்க ஊர் சுத்திக்கிட்டே இருக்கு. ஆனா 4.37 ஒளியாண்டு தள்ளி இருக்குற ஆல்ஃபா சென்டாரியிலேர்ந்து பாத்தா, 'டபிள்யூ' மாதிரி இருக்குற காசியோப்பியாவுல எக்ஸ்ட்ராவா ஒரு பிரகாசமான நட்சத்திரம் தெரியும். அது நாமதான். செலஸ்டியான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, லேப்டாப்ல போட்டு அங்க போய்த் திரும்பிப் பாருங்க. அங்க யாராவது இருந்தா, அவங்க கதையில நாமதான் காசியோப்பியாவுலேர்ந்து வந்தவங்க.