கிணற்று நீரில் மருந்து எச்சம்: ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மண் ஆய்வு நிலையத்தில் கிணற்று நீரைக் கொடுத்தால் கார அமில நிலை, உப்பின் அளவு, சோடியம் போன்றவற்றைப் பார்த்து, பாசனத்துக்கு ஏற்றதா என்று சொல்வார்கள். பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ கலந்திருப்பது அதில் தெரியாது. அந்தச் சீட்டை நம்பிக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மக்காச்சோளத்துக்கு அடிக்கும் அட்ரசினை எடுத்துக்கொள்வோம். இது மழை நீரோடு மண்ணுக்குள் இறங்கக்கூடியது. ஒரு லிட்டர் குடிநீரில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 10500 தர நிர்ணயம். நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றும் 33 அடியாக உள்ள கிணற்றில் சுமார் 10 லட்சம் லிட்டர் நிற்கும். 50 சதவீத அட்ரசின் தூள் வெறும் 4 கிராம் விழுந்தாலே அந்த அளவு வந்துவிடும். கிணற்று மேட்டில் ஸ்பிரேயர் கழுவுபவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு குறைவாக இருப்பதால், ஆய்வகத்தில் முதலில் மருந்தைத் திரட்டுகிறார்கள். ஒரு லிட்டர் நீரை, உறிஞ்சும் துகள்கள் நிரப்பிய சிறு குழாய் வழியாக மெதுவாக விடுவார்கள். நீர் வெளியேற, மருந்து துகள்களில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கரைப்பான் ஊற்றிக் கழுவி எடுத்து, 1 மில்லியாகச் சுண்ட வைத்தால் அடர்த்தி 1,000 மடங்காகிவிடும். அடுத்து, குரோமட்டோகிராஃபி கருவியின் மெல்லிய குழாயில் ஒவ்வொரு மருந்தும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். அதோடு இணைந்த நிறை அளவி, மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்க்கும். கைரேகை போல, எந்த மருந்து என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆனால் பட்டியலில் உள்ள மருந்துகளை மட்டுமே தேடுவார்கள். கிளைபோசேட் போன்றவற்றுக்குத் தனி ஆய்வு வேண்டும். எனவே நீங்களும் பக்கத்துத் தோட்டத்தாரும் அடித்த மருந்துகளின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். கட்டணம் மண் ஆய்வைவிடப் பல மடங்கு அதிகம். வீட்டுக்கும் மாட்டுக்கும் எடுக்கும் கிணற்றுக்கு மட்டும் செய்தால் போதும்.

மாதிரிக்கு ஆய்வகம் தரும் பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலே சரி. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். சில மருந்துகள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிரப்புங்கள். மருந்து அடித்த கையோடு தொடக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்ப்பது நல்லது.

முடிவில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், கருவி அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். அளவு மீறியிருந்தால் காய்ச்சிக் குடிப்பது உதவாது. அட்ரசின் ஆவியாகாது, நீர்தான் சுண்டும். வேறு குடிநீர் கிடைக்காத வீட்டில் கார்பன் வடிகட்டி வைக்கலாம். அதையும் காலத்தோடு மாற்ற வேண்டும்.