தரையா, தளமா? இது தெரியாமலா இத்தனை நாள் நடந்தோம்!

சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூருக்குப் போகிறீர்களா? வீடு கட்டும் இடம் ஒன்றில் பத்து நிமிடம் நின்று காது கொடுங்கள். “உள்ரூமுக்குத் தரை போடணும்” என்கிறது ஒரு குரல். “நாளைக்குத் தளம் போடுறோம், ஆள் குறையக் கூடாது” என்கிறது இன்னொன்று. இரண்டுமே தட்டையான பரப்புதான். இரண்டிலும் அதே சிமென்ட், அதே மணல், அதே ஜல்லி. பிறகு எதற்கு இரண்டு சொல்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்து இழுத்தால் எத்தனை அதிசயம் வருகிறது பாருங்கள்!

தாங்குவது யார் தெரியுமா?

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது! மண்மேல் படுத்திருப்பது தரை. சுவரும் தூணும் ஏந்தி நிற்பது தளம். மாடி வீடென்றால் வேடிக்கை இன்னும் கூடுகிறது. கீழே இருப்பவர் அண்ணாந்து பார்த்து ‘கூரை’ என்பதைத்தான், மேலே இருப்பவர் கூட்டித் துடைத்து ‘தரை’ என்கிறார். கொத்தனாருக்கு மட்டும் குழப்பமே கிடையாது. அவருக்கு அது எப்போதும் தளம்தான்!

தரைக்குக் கம்பி வேண்டாம், தளத்துக்கு வேண்டும். ஏன் தெரியுமா?

கான்கிரீட்டை அமுக்கினால் அசராது. இழுத்தால் விரிசல் விட்டுவிடும். இழுவிசையைத் தாங்கும் வலு அதற்கு, அமுக்கத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்! தரையின் அடியில் பூமியே இருப்பதால் சாதாரண வீட்டுத் தரைக்குக் கவலையில்லை. தளமோ நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அதனால்தான் அறையின் நடுவில் கம்பி தளத்தின் அடிப்பக்கத்தை ஒட்டி ஓடுகிறது. சன்ஷேடைப் பாருங்கள், எல்லாமே தலைகீழ்! ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துத் தொங்குவதால் அங்கே மேல்பக்கம் இழுபடுகிறது. கம்பியும் மேலே போகிறது. இடம் மாற்றிக் கட்டினால் ஆபத்து!

தளம் காய்ந்து இறுகுவதில்லை, தெரியுமா?

தண்ணீர் வற்றினால் கான்கிரீட் கெட்டியாகும் என்றுதானே நினைத்தோம்? இல்லவே இல்லை! சிமென்டும் தண்ணீரும் ஒன்றோடொன்று வினைபுரிந்துதான் இறுகுகின்றன. அதனால்தான் தளம் போட்ட மறுநாள் அதன்மேல் வயல்போலப் பாத்தி கட்டி நீர் தேக்குகிறார்கள். கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு 28 நாள்!

கரிசல் தரையைத் தூக்கும், தெரியுமா?

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் ஊதிப் பெருக்கும். அதன்மேல் நேராகப் போட்ட தரை என்ன ஆகும்? மேலே தளம் கம்பீரமாக நிற்க, கீழே தரை கோடு கோடாகப் பிளக்கும்! அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் கரிசலை வெட்டி அள்ளிவிட்டுச் சரள் மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். இந்த மண்ணுக்காகவே ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களை உருவாக்கியது!

மட்டமாகத் தெரியும் மொட்டைமாடி மட்டமே இல்லை, தெரியுமா?

பத்தடிக்கு ஓரிரண்டு அங்குலம் சரிவு வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் வாட்டம். மட்டம், வாட்டம் என்று ஒத்து ஒலிக்கும் இந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு வீட்டின் ஆயுளே அடங்கியிருக்கிறது. வாட்டம் தவறினால் மழைநீர் தேங்கும், கசியும், கம்பி துருப்பிடிக்கும்! மட்டம் பார்க்கும் கருவிக்கு ரசமட்டம் என்று பெயர். ஆனால் அதற்குள் பாதரசம் கிடையாது. கொஞ்சம் திரவமும் ஒரு காற்றுக் குமிழும்தான்!

கூரையில் தொடங்கிய கோயில் தெரியுமா?

வீடென்றால் தரையில் தொடங்கித் தளத்தில் முடியும். இதற்கு நேர்மாறாக ஒன்றைப் பார்க்க, சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகும் வழியில் கழுகுமலையில் இறங்குங்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலை, மலையை மேலிருந்து குடைந்து, சிகரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கினார்கள்! வேலை பாதியில் நின்றதால் சிகரம் சிலிர்க்க வைக்கும் அழகோடு இருக்க, அடிப்பகுதி இன்றும் செதுக்கி முடியாமல் இருக்கிறது. கூரை முடிந்துவிட்டது, தரைதான் பாக்கி. உலகத்தில் எந்த வீட்டுக்காரர் இப்படிச் சொல்ல முடியும்!

சிற்பியின் எண்ணிக்கையும் லிப்டின் எண்ணிக்கையும் வேறு, தெரியுமா?

கட்டடத்தின் அடுக்கையும் தளம் என்றே சொல்வார்கள். மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் ஏகதளம், தர்மராஜ ரதம் முத்தளம். சிற்பிக்குக் கீழ்நிலையே முதல் தளம். நம் அடுக்குமாடி லிப்டிலோ தரைத்தளத்துக்கு எண்ணே கிடையாது. அதற்கு மேலேதான் ஒன்று! அமெரிக்காக்காரர்கள் அன்றைய சிற்பிபோலவே தரைமட்டத்தையே முதல் தளம் என்று எண்ணுகிறார்கள். 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு 13 தளம். விமானத்துக்குத் தளம் என்றால், கோபுரத்துக்கு வழக்கமாகச் சொல்வது நிலை. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலின் 125 அடி ராஜகோபுரம் ஒன்பது நிலை!

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் தெரியுமா?

தளம் கட்டப்படுவது, தலம் தேடிப் போகப்படுவது. ஆடித்தபசுக்குக் கோமதி அம்மனைக் காணக் கூட்டம் வருகிறதே, அந்தச் சங்கரன்கோவில் தலம். எழுத்து மாறாவிட்டாலும் பொருள் மாறும்: வில்வதளத்தில் தளம் இலை, தளபதியில் தளம் படை. ஒரே ஒலிக்குள் வீடும் இலையும் படையும்!

தெற்கத்திப் பெரியவர்கள் மொட்டைமாடியைத் தட்டட்டி என்பார்கள், மட்டப்பா என்பார்கள். கோடை இரவில் அங்கே பாய் விரித்துப் படுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்குக் கீழே அந்தத் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பிகள் விடிய விடிய இழுபட்டுக்கொண்டே உங்களை ஏந்திக்கொண்டிருக்கின்றன. தரையில் படுத்தால் பூமி தாங்குகிறது. தளத்தில் படுத்தால் ஒரு கொத்தனாரின் கணக்கு தாங்குகிறது!