முலுண்ட் ரெயிலில் மூன்று வரிக் கவிதை

முலுண்டில் ஸ்லோ ரெயில் ஏறினால், நம்மவர்கள் இன்னும் வி.டி. என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையம் போய்ச் சேர சுமார் 1 மணி நேரம் ஆகிறது. போக, வர 2 மணி நேரம். சிலர் பேப்பர் படிக்கிறார்கள். சிலர் சீட்டு ஆடுகிறார்கள். பலர் நின்றபடியே தூங்குகிறார்கள்.

அந்த நேரத்தில் ஒரு கவிதை எழுதி முடித்துவிடலாம் என்றால் நம்புவீர்களா?

மூன்றே வரிதான். பெயர் ஹைக்கூ. காலையில் கைப்பேசியில் ஒரு சொல் வரும். 'மழை' என்றோ, 'இடம்' என்றோ இருக்கும். அதை வைத்து மாலைக்குள் எழுதி அனுப்ப வேண்டும். இப்படி எழுதிப் பழகும் தமிழர்கள் இன்று பலர்.

பழைய வழக்கம்

சொல் கொடுத்துப் பாட்டுக் கேட்பது நமக்குப் புதிதல்ல. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது புலவர்கள் வழக்கம். காளமேகப் புலவர் அதில் சூரர்.

ஜப்பானில் இதற்கென்றே 'குகாய்' என்ற கூட்டம் உண்டு. தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரவேண்டும். சீட்டுகளைக் கலந்து, வேறு ஆட்கள் பிரதி எடுப்பார்கள். அதனால் கையெழுத்தும் தெரியாது. நல்லவற்றைத் தேர்ந்தெடுத்த பிறகே எழுதியவர் பெயர் வெளியாகும். எழுதியவர் முதலாளியா, குமாஸ்தாவா என்ற பேச்சுக்கே இடமில்லை!

பாரதியார் எழுதினார்

இந்தக் கவிதையைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்தவர் பாரதியார். புதுச்சேரியில் இருந்தபோது, 1916-ம் ஆண்டு 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதினார். 1984-ல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய ஹைக்கூ தொகுதிகள் வெளிவந்தன.

எப்படி எழுதுவது?

ஜப்பானிய மொழியில் 5, 7, 5 என்று 17 அசைகள். தமிழில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதற்காக, ஒரு வாக்கியத்தை மூன்றாக ஒடித்தால் ஹைக்கூ ஆகிவிடாது. கண்ணால் கண்டதை எழுத வேண்டும். உபதேசம் கூடாது. 'சோகம்' என்று எழுதாமலே சோகம் தெரிய வேண்டும். கடைசி வரியில் ஒரு திருப்பம் வேண்டும்.

'மழை' என்ற சொல்லுக்கு இப்படி எழுதலாம்:

'இங்கே மழை இல்லை அம்மா'
போனில் சொல்கிறான்
முழங்கால் தண்ணீரில் நின்று.

'இடம்' என்றால்:

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது
அடுத்த நிலையம்
முலுண்ட்.

பருவத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை ஹைக்கூவில் வைப்பது ஜப்பானியர் மரபு. அதற்காக நாம் செர்ரிப் பூவைத் தேடிப் போகவேண்டாம். ஜூன் மாதம் கூரைகளில் ஏறும் நீலத் தார்ப்பாய் இருக்கிறது. மழைக்குப் பின் பச்சையாகும் முலுண்ட் மலை இருக்கிறது.

கை மறக்கலாமா?

ஆபீசில் இங்கிலீஷ். கடையில் மராத்தி. ரெயிலில் இந்தி. ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்தில் நம் கை தமிழை மறக்கவில்லை. போன் வந்தது, கடிதம் நின்றது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பலருக்கு எழுதத் தெரியவில்லை. நான்கு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் ஓடிவிடுவார்கள். மூன்று வரி என்றால் உட்காருவார்கள்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் ஒரு சொல் கொடுத்துப் பாருங்கள். 'சாவி' என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் பெயர் போடாமல் சீட்டில் எழுதட்டும். குலுக்கி எடுத்து உரக்கப் படியுங்கள். பிள்ளையின் சீட்டில் எழுத்துப் பிழை இருக்கலாம். இருக்கட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் மூன்று வரி வரட்டும்.